உள்ளங்கைக் கற்பூரம்

எங்கள் ஊரில் எரியம்மன் முன்னால் யாரும் சத்தியம் செய்வதில்லை, அவளுக்குக் கற்பூரம் காட்டுவதும் இல்லை. அவள் ஒரு காலத்தில் இந்த ஊருக்கு வாழவந்த பெண் என்றும், செய்யாத ஒன்றைச் செய்தாய் என்று புருஷன் வீட்டார் சொன்னபோது எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து இல்லை என்று சொன்னாள் என்றும், அவர்களும் அதே தட்டில் அதே போல அணைத்து ஆமாம் என்று சொன்னார்கள் என்றும், அன்று சாயங்காலம் அவள் வைக்கோல் படப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ள, படப்போடு சேர்ந்து ஆமாம் என்று சொன்னவர்களின் ஏழு வீடுகளும் எரிந்துபோயின என்றும் சொல்வார்கள். அதனால் அவளுக்கு எண்ணெய் விளக்கு மட்டும்தான். வரப்புத் தகராறோ ஆட்டுத் தகராறோ எதுவானாலும் நாங்கள் இரண்டு மைல் நடந்து பக்கத்து ஊர்க் கருப்பசாமி முன்னால் போய்த்தான் கற்பூரம் அணைப்போம். கருப்பசாமி நாலு ஊர் வழக்கைப் பார்க்கிறவர், எல்லாவற்றையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பது எங்களுக்கு ஒரு ஆறுதல். எரியம்மனிடம் வேறு வழக்கே கிடையாது.

ஊரில் எல்லோருக்கும் பட்டாசு வேலை. வெடிமருந்தை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம், சோறு என்று சொல்வது போல. காலையில் ஆலை வண்டி வரும், வாசலில் தீப்பெட்டி, பீடி, கால் கொலுசு வரை சோதித்து உள்ளே விடுவார்கள், சாயங்காலம் முழங்கை வரை வெள்ளிநிற மருந்துத் தூள் பூசிய கைகளோடு திரும்புவோம். வீட்டிலும் திரி சுற்றுவோம். அது சட்டப்படி கூடாது, ஆனாலும் சுற்றுவோம். ஆக எங்கள் ஊரில் நெருப்பைப் பற்றிய பயம் சாமி பயத்துக்கு முந்தியது, இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு மேற்கே ஒரு கொட்டகை வெடித்து ஏழு பேர் செத்தார்கள். அது ஆலை முதலாளி குலசேகரனின் கொட்டகை. சனிக்கிழமைதோறும் அவருடைய கணக்கப்பிள்ளை வந்து கூலி கொடுத்ததால் அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெடித்த மறுநாள் ஒரு காகிதம் வந்தது. கொட்டகையை உரிமம் இல்லாமல் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் சீனிச்சாமி என்று அதில் எழுதி, கீழே சீனிச்சாமியின் கையெழுத்து இருந்தது. வருங்கால வைப்பு நிதிக்கு என்று சொல்லி வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து அது. செத்த ஏழு பேரில் சீனிச்சாமியும் ஒருவன். ஆறு பேரைக் கொன்றவன் செத்துவிட்டதால் வழக்கை மூடினார்கள். மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் உதவித் தொகைக்காக அந்தக் காகிதத்துக்குக் கீழே சாட்சிக் கைநாட்டு வைத்தார்கள், வைத்த பிறகு சீனிச்சாமியின் மனைவி வெள்ளைத்தாயின் முகத்தைப் பார்க்க அவர்களால் முடியவில்லை, பார்க்க முடியாததை நாளடைவில் அவள் மேல் உள்ள கோபமாக மாற்றிக்கொண்டார்கள். வெள்ளைத்தாய் குலசேகரனின் ஆலையிலேயே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு வேறு ஆலை கிடையாது.

அந்தக் குலசேகரன்தான் சட்டமன்றத் தேர்தலுக்கு நின்றார். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் துளசிமணி, வேனின் முன்னால் ஒரு அம்மன் படம் என்று ஊர் ஊராகக் கோயிலில் தொடங்கிக் கோயிலில் முடித்தார். கட்சியின் பெயரால் கேட்கவில்லை, ஆத்தாளின் பெயரால் கேட்கிறேன் என்பது அவர் பேச்சு. எங்கள் ஊருக்கு வந்த காலையில் எரியம்மன் கோயில் முன்னால் வேனை நிறுத்தி, தட்டில் கற்பூரத்தை ஏற்றச் சொன்னார். இங்கே கூடாது என்று கட்சியின் கிளைச் செயலாளர் அய்யலுச்சாமி முந்தின நாளே அவரிடம் சொல்லியிருந்தாராம், மறக்காத சாமி என்று விளக்கியும் இருந்தாராம்.

"மறக்காத சாமியா?" என்று முதலாளி சிரித்திருக்கிறார். "அப்ப அதுதானய்யா நமக்கு வேணும்."

பூசாரி கோட்டையன் எண்ணெய் விளக்கை ஓரமாக நகர்த்திவிட்டுத் தட்டை நீட்டினார். கோயிலுக்குத் தகரக் கூரை போட்டுத் தருவதாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து செய்தால் அது சத்தியமாகாது, வெறும் கூட்டமாகிவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.

முதலில் முதலாளியே அணைத்துக் காட்டினார். கூட்டத்தில் வெள்ளைத்தாயைப் பார்த்தோ என்னவோ, யாரும் கேட்காமலே கொட்டகைப் பேச்சை எடுத்தார். அந்தக் கொட்டகைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை, அது சீனிச்சாமி நடத்தியது, ஆத்தா மேல் சத்தியம் என்று சொல்லி, எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின் மேல் வலது உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பிறகு நாங்கள் வரிசையில் போனோம். என் ஓட்டு முதலாளிக்கு என்று சொல்லிவிட்டு அணைக்க வேண்டும், அணைக்க அணைக்கக் கோட்டையன் புதுக்கட்டி ஏற்றுவார். ஞாயிறுதோறும் டவுன் தேவாலயத்துக்குப் போகிற அங்கன்வாடி எஸ்தர் டீச்சரும், நிற்காவிட்டால் பேசுவார்களே என்று வரிசையில் நின்றார். வெள்ளைத்தாயும் நின்றாள். வாயால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள், மனசுக்குள் வேறொன்றைச் சொன்னாள். மனசில் சொல்வது சாமிக்குக் கேட்காது என்று அவள் நினைக்கவில்லை. கேட்டால் புரிந்துகொள்ளும் என்று நினைத்தாள்.

பகல் முழுக்க உள்ளங்கை லேசாகச் சுட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் சத்தியம் செய்த ஒவ்வொருவர் வலது உள்ளங்கையிலும் நடுரேகை மேல் ஒரு சுடர் எரிந்தது. அரைவிரல் உயரம், கற்பூரச் சுடர் போலவே நுனி ஆடுகிற மஞ்சள். கை சுடவில்லை. தண்ணீரில் முக்கினால் தண்ணீருக்குள்ளும் எரிந்தது. மூடினால் விரல் இடுக்குகள் சிவந்து தெரிந்தன. பெண்கள் அந்த வெளிச்சத்தில் அரிசி களைந்தார்கள், ஆண்கள் கையைத் தொடை மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தார்கள், கொஞ்ச நேரத்துக்கு எல்லாத் தெருவும் கார்த்திகை போல இருந்தது.

மறுநாள் செல்லையா என்பவர் சோதித்துப் பார்த்தார். வைக்கோலைக் காட்டினார், பற்றவில்லை. காகிதம், பஞ்சு, மண்ணெண்ணெயில் நனைத்த துணி, எதுவும் பற்றவில்லை. எல்லோரும் மூச்சு விட்டோம். கடைசியாக ஊருக்கு வெளியே ஒரு கல்லின் மேல் மூன்று விரலால் எடுத்த அளவு மருந்து வைத்துக் கையைக் கிட்டே கொண்டுபோனார். புருவமும் முன்முடியும் போயின, கண் தப்பியது. வைக்கோலைத் தொடாத நெருப்புக்கு மருந்தைத் தெரிந்திருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள், சத்தியம் செய்யாத பள்ளிப் பிள்ளைகளை வைத்து வீடுகளில் இருந்த திரிக்கட்டுகளையும் பொட்டலங்களையும் பனங்காட்டுக்கு எடுத்துப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடினோம். ஆலை வண்டி வந்தது, கைகளைப் பார்த்தது, யாரையும் ஏற்றாமல் திரும்பிப் போனது. தேர்தல் முடிந்ததும் எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று அய்யலுச்சாமி சொன்னார்.

அப்புறம் பழகிவிட்டோம். கட்டிலுக்கு வெளியே வலது கையைத் தொங்கவிட்டுத் தூங்கப் பழகினோம். குழந்தைக்கு இடது கையால் எண்ணெய் தேய்க்கப் பழகினோம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது அவன் கைச்சுடர் பெண்ணின் கழுத்தை ஒட்டி ஆடியதைப் பார்த்து, வெளியூரிலிருந்து வந்தவர்கள் எழுந்து போனார்கள், நாங்கள் அட்சதை போட்டோம். ஆனால் ஒன்றுக்கு மட்டும் பழக முடியவில்லை. தெருவில் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தோம். அய்யலுச்சாமி பொழுது சாய்கிற நேரத்தில் தெருக்கோடியில் நின்றால் போதும், யார் யார் என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதே இல்லை. அன்று ஊரில் இல்லாததால் சத்தியம் செய்யாமல் போன மூன்று வீடுகள் இருட்டாக இருந்தன. அந்த இருட்டைப் பார்த்து நாய் குரைத்தது. நான்காம் நாள் அவர்களாகவே கோட்டையனிடம் போய், எங்களுக்கும் ஏற்றிக் கொடு பூசாரி என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

எதிர்க்கட்சிக்காரர்களும் ஒரு தட்டோடு வந்தார்கள். வலது கை அவருக்கென்றால் இடது கையை எங்களுக்குத் தாருங்கள் என்றார்கள். ரெண்டு கையிலயும் வச்சுக்கிட்டு எதாலய்யா கழுவுறது என்று ஒரு கிழவர் கேட்டார், அவர்கள் தட்டை மூடிக்கொண்டு கிளம்பினார்கள். பறக்கும் படை அதிகாரிகள் வந்து, பணம் கொடுத்தார்களா, சேலை கொடுத்தார்களா என்று விசாரித்தார்கள். இல்லை, நெருப்புதான் என்றோம். கையேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், நெருப்பைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முதலாளியைப் பற்றி ஒரு செய்தி பரவியது. எங்கள் ஊரில் சத்தியம் செய்த நாளிலிருந்து அவர் ஒரு விரதம் தொடங்கியிருக்கிறாராம். ஜெயிக்கும்வரை கும்பிட்ட கையைப் பிரிப்பதில்லையாம். வேனில் கூப்பிய கையோடுதான் நின்றார், கூப்பிய கையோடுதான் இறங்கினார், வீட்டில் மனைவி ஊட்டிவிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிய கையை மட்டும் பெரிதாக அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். மற்ற ஊர்களில் பெண்கள் அந்தக் கைகளைப் பார்த்து அழுதார்கள், இப்படி ஒரு பக்தி உண்டா என்று வேனுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். எங்கள் ஊர் வழியாக ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் வேன் போனபோது அவர் விரல்களின் இடுக்கு சிவந்திருந்ததைப் பார்த்தோம். சாயங்கால வெயில் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் சரி என்று கேட்டுக்கொண்டோம்.

இந்த நெருப்பு எப்படிப் போகும் என்று முதலில் தெரிந்துகொண்டவர் எஸ்தர் டீச்சர். அவருக்கு வேறு ஊரில் தேர்தல் வேலை போட்டிருந்ததால் முன்கூட்டியே தபால் ஓட்டுப் போட்டார். முதலாளியின் சின்னத்தில் குறியிட்டு உறையை ஒட்டிய அந்த நொடியில் சுடர் சுருங்கி அணைந்ததாம். பேருந்திலிருந்து இறங்கியதும் கையை எங்களிடம் காட்டினார். நடுரேகை மேல் ஒரு வெள்ளைத் தடம், கற்பூர வாசனை, அவ்வளவுதான். கையை முகர்ந்து பார்க்க வரிசையில் நின்றோம். சொன்னபடி போட்டால் போய்விடும். நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தோம், படுத்த பிறகு அடுத்த கேள்வி வந்தது. சொன்னபடி போடாவிட்டால்?

எல்லாச் சுடரும் ஒரே தட்டிலிருந்து வந்தவை. ஒருவர் பொய்யானால் அவர் கையோடு நிற்குமா? அன்றைக்கு ஏழு பேர் பொய் சொன்னதற்கு ஏழு வீடு. இன்று மருந்து புழங்குகிற ஊர், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரு சுவர், தரையைக் கூட்டினால் குப்பையிலும் மருந்து. இதை யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. டீக்கடையில், குழாயடியில், ஆளுக்கு ஒரு வாக்கியமாகச் சேர்ந்து அது உருவானது. உருவானதும் எல்லோர் கண்ணும் ஒரே வீட்டின் மேல் போய் நின்றது. முதலாளிக்கு ஓட்டுப் போட மனசு வராத ஆள் என்று ஊரில் ஒருத்தியைத்தான் எல்லோருக்கும் தெரியும்.

யாரும் அவளை மிரட்டவில்லை. குழாயடியில் அவள் குடத்துக்கு முதலில் இடம் கொடுத்தார்கள். இரண்டு வருஷமாக முகம் பார்க்காத ஆறு வீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து, நல்லா இருக்கியா என்று கேட்டு, அவள் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி தன் பேரப் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். அய்யலுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டாமல் அவள் வாசலில் வந்து நின்றார். இது மருந்து ஊரும்மா என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக அவள் நாத்தனார் பாக்கியம் வந்தாள். சீனிச்சாமியின் கூடப்பிறந்த தங்கை, அடுத்த வீடு, ஒரே சுவர். இரண்டு பேரும் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், கைகளை எதிரெதிர்ப் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டு.

"செத்தது எங்கண்ணன் மதினி. ஒனக்கு இருக்கிற கோவம் எனக்கு இல்லையா?"

"இருக்கு."

"நானே போடப் போறேன். கண்ண மூடிக்கிட்டு அமுக்கிட்டு வந்துருவேன்."

வெள்ளைத்தாய் சுள்ளியை உள்ளே தள்ளினாள்.

"ஒங்கண்ணன் ஆறு பேரக் கொன்னவன்னு எழுதி வச்சிருக்காக பாக்கியம். அதுக்குக் கீழ நானும் ஒரு கைநாட்டு வைக்கணுமாக்கும்?"

"ஓட்டுப் போடாமலே இருந்துரு."

"போடுறேன்னுதான சத்தியம். போடலன்னாலும் பொய்தான்."

"அப்ப என் பிள்ளைகள எங்க கொண்டு போக? அதயாவது சொல்லு."

வெள்ளைத்தாய் கொதிக்கிற உலையில் அரிசியைப் போட்டாள். பாக்கியம் போகும்போது வாசலில் திரும்பி, ஒன்னியக் கையெடுத்துக் கும்பிடுறேன் என்று சொல்ல வந்து, இரண்டு கைகளையும் சேர்த்தால் சுடர் மறைந்து விரல்கள் சிவப்பதைப் பார்த்து, சட்டென்று பிரித்துக்கொண்டாள். வெள்ளைத்தாயும் அதைப் பார்த்தாள்.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் காலை ஏழு மணிக்கே இரண்டு வரிசை. சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் வேப்பமரத்தடியில் அய்யலுச்சாமியும் ஆட்களும் நாற்காலி போட்டிருந்தார்கள். சுடரோடு உள்ளே போனவர்கள் இடது விரலில் மையும் வலது கையில் இருட்டுமாக வெளியே வந்தார்கள், வேப்பமரத்தைத் தாண்டும்போது கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. எங்களில் முதலாளியைப் பிடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று அந்த முகங்களில் முதல் முறையாகத் தெரிந்தது. அத்தனை பேரும் அவருக்குத்தான் போட்டிருந்தோம்.

நடுப்பகலில் வெள்ளைத்தாய் வந்தாள். பெண்கள் வரிசை விலகி அவளை முன்னால் விட்டது. அட்டை மறைப்புக்குப் பின்னால் அவள் நின்றபோது கூரையில் அவளுடைய சுடரின் வெளிச்சம் ஆடியது, ஓட்டுப் போட்டு முடித்தவர்கள் ஜன்னல்களுக்கு வெளியே நின்று அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு இயந்திரம் நீளமாக ஒலித்தது. வெளிச்சம் ஆடிக்கொண்டேயிருந்தது. அவள் எந்தப் பொத்தானை அழுத்தினாள் என்று எங்களுக்கு இன்றும் தெரியாது, எதை அழுத்தவில்லை என்று தெரியும்.

கையை மூடாமல் வெளியே வந்தாள். நாங்கள் பின்னால் நகர்ந்தோம், ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு. ஊருக்குள் கதவுகள் சாத்துகிற சத்தமும், பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. பாக்கியம் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பிலும் தோளிலும் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்கு ஓடினாள். வெள்ளைத்தாய் யார் பக்கமும் போகவில்லை. ஊருக்கு வடக்கே தள்ளி இருக்கிற எரியம்மன் கோயிலுக்கு நடந்து போய், வெறும் கல்தரையில் உட்கார்ந்து, கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். எரிந்தால் தன்னோடு எரியட்டும் என்று அவள் அங்கே போனாள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் பின்னால் போகவில்லை.

அன்று எதுவும் எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குடங்களை வாசலில் வரிசையாக வைத்தோம், கட்டிலைத் தெருவில் போட்டோம், வடக்கே பார்த்துப் படுத்தோம். கோயில் பக்கம் ஒரு மஞ்சள் பொட்டு தெரியும். அது பெரிதாகிறதா என்று ஒருவர் கேட்பார், இல்லை என்று இன்னொருவர் சொல்வார், கொஞ்சம் கழித்து அவரே, ஆமாமோ என்பார். கோட்டையன் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பாக்கியம் மட்டும் தினமும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய்க் கோயிலுக்கு நூறு அடி முன்னால் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, மதினி என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவாள். ஆலை வண்டி மறுபடி வந்தது. இருண்ட கைகளோடு ஏறிப் போனோம். வெற்றிக்கு வேண்டிய வெடிகளை ஓட்டு எண்ணுவதற்கு முன்னாலேயே முதலாளியின் ஆலையில் செய்யச் சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் செய்தோம்.

முப்பத்தோராவது நாள் ஓட்டு எண்ணினார்கள். முதலாளி ஜெயித்தார். எங்கள் வாக்குச்சாவடியில் பதிவான அறுநூற்றுப் பன்னிரண்டில் அவருக்கு விழாதது ஒன்று.

இரண்டு நாள் கழித்து நன்றி சொல்ல வந்தார். ஊர் வளைவிலிருந்து கோயில் வரைக்கும் தெருவின் இரண்டு ஓரமும் வெளியூர்க் கட்சி ஆட்கள் பத்தாயிரம் வாலாச் சரங்களைப் பாய் போல விரித்திருந்தார்கள், கோயிலுக்குக் கொஞ்சம் இப்பால், வெள்ளைத்தாயின் கை எட்டாத தூரத்தில், அவை சுருள் சுருளாக இடுப்புயரம் குவிந்து கிடந்தன. ஊதுவத்தியோடு ஆட்கள் தயாராக நின்றார்கள், முதலாளி பேசி முடித்ததும் கொளுத்துவதாக ஏற்பாடு. திறந்த ஜீப்பில் அவர் கூப்பிய கையோடு நின்றுகொண்டு வந்தார். இளைத்திருந்தார். மாலையைத் தலை வழியாகப் போட்டார்கள். ஒரு தாய் பெயர் வைக்கச் சொல்லிக் குழந்தையை நீட்டினாள், அவர் கையை நீட்டாமல் குனிந்து, மோவாயால் அதன் நெற்றியைத் தொட்டார். அய்யலுச்சாமி ஆரத்தித் தட்டோடு போய், விரதம் முடிஞ்சது முதலாளி, கையப் பிரிச்சு ஒத்திக்கங்க என்றார். முதலாளி தலையை அசைத்தார். வேண்டாமா என்று அய்யலுச்சாமி மறுபடி கேட்டார். மறுபடியும் அசைத்தார். அய்யலுச்சாமி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு தட்டோடு ஓரடி பின்னால் நகர்ந்தார், கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள் அதைப் பார்த்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெயில் எங்கும் இல்லை. அவருடைய விரல்களின் இடுக்கு சிவப்பாக இருந்தது, நகங்கள் விளக்குக்கு முன்னால் பிடித்தது போல உள்ளிருந்து ஒளிர்ந்தன.

அப்போது வெள்ளைத்தாய் கல்தரையிலிருந்து எழுந்து வந்தாள். சரங்களின் மேல் நெருப்பு படாதபடி கையை உயரத் தூக்கிக்கொண்டு, தெருவின் நடுவே கால் பார்த்து வைத்து நடந்தாள். ஜீப்புக்கு முன்னால் பத்தடியில் நின்றாள். முப்பத்து மூன்று நாள் அவ்வளவாகப் பேசாத தொண்டை கரகரத்தது.

"நான் பொய்ச் சத்தியம் பண்ணேன். வாயில ஒண்ணு சொன்னேன், மனசுல ஒண்ணு வச்சிருந்தேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

தூக்கிய கையில் சுடர் ஒருமுறை நீண்டு, சுருங்கி, அணைந்தது. கற்பூர வாசனை எங்கள் வரைக்கும் வந்தது. நாற்பத்தேழு நாட்களில் எங்களில் யாரும் செய்து பார்க்காத ஒன்று அது. இவ்வளவுதானா என்று பக்கத்தில் யாரோ மெதுவாகக் கேட்டார்கள். நாங்கள் எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டோம்.

வெள்ளைத்தாயும் தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சொன்னாப் போயிருது மொதலாளி. நீங்களும் சொல்லிருங்க. அந்தக் கொட்டக யாருது?"

ஜீப்பின் ஓட்டுநர் சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி நடந்தான். ஊதுவத்தி வைத்திருந்தவர்களில் ஒருவன் அதை மண்ணில் போட்டு மிதித்தான். அடுத்தவனும் மிதித்தான். அய்யலுச்சாமி ஆரத்தித் தட்டை வாயால் ஊதி அணைத்தார். ஆறு வீட்டுப் பெண்களும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொட்டகை என்னுடையது என்று இரண்டே வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு அவர் கையை விரித்து எங்களுக்குக் காட்டிவிட்டு ஊருக்குப் போகலாம். ஒன்றும் செய்ய மாட்டோம், யாரிடமும் சொல்லக்கூட மாட்டோம். சுற்றிலும் நாங்கள் எங்கள் கையாலேயே அடைத்து, திரி வைத்து, பின்னிய சரங்கள் மடிந்து மடிந்து கிடந்தன. கூப்பிய கைகளுக்குள் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது, மணிக்கட்டு வரைக்கும் சிவந்து எலும்பு நிழலாகத் தெரிந்தது. அவர் உதடுகள் அசைந்தன. எங்களைப் பார்த்தார். உண்மையில் அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. சொல்லப்போகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் அன்பான வாக்காளப் பெருமக்களே" என்று தொடங்கினார்.

நாங்கள் ஓடத் தொடங்கினோம். வெள்ளைத்தாய் பதிலுக்காக இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்துக்கு எதிராக ஓடிவந்த பாக்கியம் அவளுடைய வலது கையை, இத்தனை நாள் யாரும் தொடாத அந்தக் கையை, விரலோடு விரல் கோத்துப் பிடித்து இழுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் ஓடினாள். எங்களுக்குப் பின்னால் அவர் பேசிக்கொண்டேயிருந்தது கேட்டது.